பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "இருபது நிமிஷம் பேசணும்ப்பா, உன் தொழிலைப் பத்தியே பேசலாம்" என்றார். என் தொழில் பம்பு, குழாய், வால்வு. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இருபது நிமிஷம் வால்வைப் பற்றிப் பேசினால் முதல் வரிசையிலேயே குறட்டைச் சத்தம் கேட்கும். அதனால் வேறு விஷயம் எடுத்து வந்திருக்கிறேன். இதோ மேஜை மேல் இருக்கிற இந்தப் பழைய பெட்டி. டொராண்டோவில் என் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒருவர் பழைய சாமான்களை வாசலில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். அதில் 3 டாலருக்கு வாங்கினேன். விமானத்தில் சாக்லேட்டுக்கு வைத்திருந்த இடத்தை இது பிடித்துக்கொண்டது. அந்தக் கோபம் என் அக்கா பிள்ளைகளுக்கு இன்னும் போகவில்லை.

இதன் பெயர் ட்ரிவியல் பர்சூட். பொது அறிவுக் கேள்வி-பதில் விளையாட்டு. பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலகையில் ஒரு சக்கரம், அதற்கு ஆறு ஆரக்கால்கள். உள்ளே ஆயிரம் அட்டைகள், அட்டைக்கு ஆறு கேள்வி, ஆக 6,000 கேள்விகள். ஆறு துறைக்கு ஆறு நிறம்: நீலம் புவியியல், ரோஸ் பொழுதுபோக்கு, மஞ்சள் வரலாறு, காபிப்பொடி நிறம் கலையும் இலக்கியமும், பச்சை அறிவியலும் இயற்கையும், ஆரஞ்சு விளையாட்டும் ஓய்வும். பகடையை உருட்டி எந்த நிறத்தில் நிற்கிறோமோ அந்தத் துறையில் கேள்வி வரும். சரியாகச் சொன்னால் மறுபடி உருட்டலாம். தப்பாகச் சொன்னால் அடுத்தவர் முறை. ஆரக்கால் முடியும் இடத்தில் நின்று சரியான பதில் சொன்னால் அந்த நிறத்தில் ஒரு சின்ன கேக் துண்டு கிடைக்கும். அதை நம் காயில் செருகிக்கொள்ள வேண்டும். ஆறு துண்டும் சேர்ந்ததும் சக்கரத்தின் நடுவுக்கு வந்து ஒரு கடைசிக் கேள்விக்குப் பதில் சொன்னால் வெற்றி. அந்தக் கடைசிக் கேள்வி எந்தத் துறையில் என்று முடிவு செய்வது எதிராளிகள். நமக்கு எது வராதோ அதைத்தான் கேட்பார்கள். வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா இதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "தாயம்தான்டா இது. அங்க தாயம் விழுந்தா மறு ஆட்டம், இங்க பதில் தெரிஞ்சா மறு ஆட்டம்" என்றார். அதைவிடச் சுருக்கமாக நான் சொல்ல முடியாது.

இது பிறந்த கதையும் சுவாரஸ்யமானது. 1979 டிசம்பர் 15ஆம் தேதி, கனடாவின் மாண்ட்ரியால் நகரம். கிறிஸ் ஹேனி என்பவர் ஒரு நாளிதழில் புகைப்பட ஆசிரியர். அவருடைய நண்பர் ஸ்காட் அபட் செய்தி நிறுவனம் ஒன்றில் விளையாட்டுச் செய்தி எழுதுபவர். இருவரும் ஸ்கிராபிள் ஆட உட்கார்ந்தால் எழுத்துக் காய்களில் சில காணோம். நாமே ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தால் என்ன என்று அங்கேயே பேச ஆரம்பித்ததுதான் இது. ஹேனி பள்ளிப் படிப்பையே பாதியில் விட்டவர். பணத்துக்கு நண்பர்கள், உறவினர்கள், உடன் வேலை பார்த்தவர்கள் என்று பலரிடம் பங்கு விற்றார்கள். முதலில் செய்த 1,100 பெட்டிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 75 டாலர் செலவாகி, கடைக்காரர்களுக்கு 15 டாலருக்குக் கொடுத்தார்கள். நம் தொழில் நிர்வாகப் பேராசிரியர் இந்தக் கணக்கைப் பார்த்திருந்தால் அன்றைக்கே கடையைச் சாத்தச் சொல்லியிருப்பார். 1984இல் ஒரே வருடத்தில் வட அமெரிக்காவில் சுமார் 2 கோடிப் பெட்டிகள் விற்றன. 2008இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் இதன் உரிமையை 8 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. ஹேனி 2010இல் காலமானார்.

கதை இருக்கட்டும். இந்தப் பெட்டியால் நான் பட்ட பாட்டுக்கு வருகிறேன்.

முதல் ஆட்டம்

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா, அம்மா இருவரும் குளிர்காலத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வெளியே பனி. கதவைத் திறந்தால் மூக்கு விறைக்கும். ஒரு சனிக்கிழமை இரவு இந்தப் பெட்டியைப் பிரித்தேன். நான், என் மனைவி, ஒன்பது வயது மகள், அப்பா, அம்மா என ஐந்து பேர். மகள் ஆங்கிலத்தில் கேள்வியைப் படிப்பாள், என் மனைவி தமிழில் சொல்லுவாள்.

இந்தக் கல்லூரியில் நாலு வருஷமும் க்விஸ் டீமில் இருந்தவன் நான். மனோரமா இயர்புக்கைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியவன். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவேன். என் முறை, மற்றவர் முறை எல்லாம் பார்ப்பதில்லை. மகள் யோசிக்கும்போதே "எனக்குத் தெரியும்" என்று வாய் துறுதுறுக்கும். முக்கால் மணி நேரத்தில் ஆறு துண்டும் என் காயில்! நிமிர்ந்து பார்த்தால் எதிரே யாரும் இல்லை. மனைவி சமையலறையில். மகள் டிவி முன்னால். அம்மா, "எனக்கு என்னடா தெரியும் இதெல்லாம்" என்று முதல் சுற்றிலேயே எழுந்து போய்விட்டார். அப்பா மட்டும் மரியாதைக்கு உட்கார்ந்திருந்தார்.

அப்பா ரயில்வே மெயில் சர்வீஸில் தபால் பிரிக்கும் வேலையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். ஓடுகிற ரயிலில் நின்றுகொண்டே கடிதம் பிரித்தவர். இந்தியாவில் எந்த ஊருக்கு எந்த ஜங்ஷனில் பை இறங்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அப்படிப்பட்டவருக்குப் புவியியலில் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. வந்த கேள்வி எல்லாம் அமெரிக்க மாநிலங்களைப் பற்றியும் கனடா ஏரிகளைப் பற்றியும்தான். பெட்டியை மூடும்போது அவர் சொன்னார்: "நீ ஜெயிச்சிட்டப்பா. ஆனா யார்கூட விளையாடினே?"

அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. வயசானவர், தோற்றதில் வருத்தம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

500 கேலன்

அது உறைத்தது அதே குளிர்காலத்தில், வேலை இடத்தில். இதைப் பொறியியல் மாணவர்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். தப்பு முழுக்க என்னுடையது. அதனால் நிறுவனம், ஊர், ஆள் பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை.

ஒரு பழைய குடிநீர் நிலையம். அங்கே தேய்ந்துபோன பம்புக்குப் பதிலாகப் புதுப் பம்பு போட வேண்டும். 1960களில் வரைந்த வரைபடத்தில் "நிமிஷத்துக்கு 500 கேலன்" என்று எழுதியிருந்தது. கூட்டத்தில் பெரியவர் ஒருவர், "லிட்டரில் எவ்வளவு வரும்?" என்று கேட்டார். எனக்குள் இருக்கும் க்விஸ் மணி அடித்துவிட்டது. "1,893 லிட்டர்" என்று யாரும் கால்குலேட்டரை எடுப்பதற்கு முன்பே சொன்னேன். இரண்டு பேர் புருவத்தை உயர்த்திப் பாராட்டினார்கள். அந்த எண் குறிப்பேட்டில் ஏறியது. அதை வைத்துப் பம்பு தேர்வு செய்யப்பட்டது.

என் பெருக்கலில் தப்பில்லை. ஒரு அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், 500ஆல் பெருக்கினால் 1,893தான். ஆனால் கனடாவில் மெட்ரிக் முறை வருவதற்கு முன்னால் புழங்கியது இம்பீரியல் கேலன். அது 4.546 லிட்டர். அந்தக் கணக்கில் 500 கேலன் என்பது 2,273 லிட்டர். நிமிஷத்துக்கு 380 லிட்டர் குறைவாக ஒரு பம்பை வாங்கி வைத்துவிட்டோம். வேடிக்கை என்ன தெரியுமா? நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் மனப்பாடம் செய்த எண்ணே 4.546தான். 'இது வட அமெரிக்கா, இங்கே அமெரிக்க கேலன்தான் இருக்கும்' என்று நானே அதிபுத்திசாலித்தனமாக மாற்றிக்கொண்டேன்.

சோதனை ஓட்டத்தில் தொட்டி சொன்ன நேரத்தில் நிரம்பவில்லை. பெரிய இம்பெல்லர் போடலாம் என்றால் இருக்கிற மோட்டார் தாங்காது. மோட்டாரையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஆறு வாரம் தாமதம். அறிக்கையில் என் பெயர்.

அதைவிட வலித்தது வேறு. அந்த நிலையத்தில் முப்பது வருஷமாக வேலை பார்க்கும் ஆபரேட்டர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் மேஜையின் கடைசியில் உட்கார்ந்திருந்தார். பிறகு அவரிடம் பேசும்போது சொன்னார்: "இங்கே இருக்கிறது எல்லாமே இம்பீரியல் கேலன். எனக்கு அது தெரியும். ஆனால் நீங்கள் அவ்வளவு வேகமாக, அவ்வளவு உறுதியாகச் சொன்னீர்கள். புதுப் பம்புக்கு ஏதோ வேறு கணக்குப் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன்."

அவர் பக்கம் திரும்பி, "ஐயா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா கேட்டது ஞாபகம் வந்தது. அதோடு இதே அரங்கமும் ஞாபகம் வந்தது. மூன்றாம் ஆண்டில் இந்த மேடையில் கல்லூரிகளுக்கு இடையிலான க்விஸ் இறுதிச் சுற்று. தரங்கம்பாடிக் கோட்டையைக் கட்டியவர்கள் யார் என்பது கேள்வி. நான் உடனே "டச்சுக்காரர்கள்" என்று சொன்னேன். சரியான பதில் டென்மார்க்காரர்கள், 1620இல் கட்டியது. அந்த ஒரு கேள்வியில் கோப்பை போயிற்று. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் மயிலாடுதுறைப் பக்கம். சின்ன வயதில் அந்தக் கோட்டை மதிலில் ஏறி விளையாடியவன். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவன், அதிகம் பேச மாட்டான். கேப்டனான நான் அவன் முகத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான். மச்சான், இத்தனை வருஷம் கழித்து எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மாவின் பச்சைத் துண்டு

அடுத்த சனிக்கிழமை பெட்டியை மறுபடி எடுத்தேன். யாரும் வரத் தயாராக இல்லை. "இனிமேல் நான் முந்திக்கொண்டு பேசினால் ஒரு துண்டு அபராதம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் மகள் ஒத்துக்கொண்டாள். இந்தத் தடவை தனித்தனியாக ஆடாமல் ஜோடி சேர்ந்தோம். நானும் அம்மாவும் ஒரு காய். அப்பாவும் பேத்தியும் ஒரு காய். மனைவியும், விருந்துக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்து நண்பரின் மனைவியும் ஒரு காய். நண்பர் கேள்வி படிக்கிற ஆள்.

எங்களுக்குப் பச்சையில் ஒரு கேள்வி வந்தது: பசுவுக்கு மேல் வரிசையில் முன்பற்கள் எத்தனை? நான் எட்டு என்று நினைத்தேன். வாயைத் திறக்கப் போனவன் அபராதத்துக்குப் பயந்து அம்மாவைப் பார்த்தேன். அம்மா சிரித்துவிட்டார்.

"மாட்டுக்கு ஏதுடா மேல முன்பல்லு? கீழதான் எட்டு."

அட்டையைத் திருப்பினால் பதில்: ஒன்றும் இல்லை.

அம்மாவுக்கு மணப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மாட்டுச் சந்தைக்குப் பேர் போன ஊர். அன்றைக்கு அம்மா முக்கால் மணி நேரம் பேசினார். சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து ஏன் பார்க்கிறார்கள், பல் போடாத கன்று என்றால் என்ன, ரெண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று வயசை எப்படிக் கணக்கிடுகிறார்கள், எட்டும் விழுந்து முளைத்த மாட்டைக் கடை சேர்ந்தது என்று ஏன் சொல்கிறார்கள், பல்லைப் பார்க்கத் தெரியாதவனை வியாபாரி எப்படி ஏமாற்றுவான் என்று எல்லாம் சொன்னார். என் மகள் பகடையை மறந்துவிட்டு அப்பத்தா மடியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வருஷத்துக்கும் மேலாக அவருக்குப் பிள்ளையாக இருக்கிறேன், இதில் பாதி எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லையே!

அந்தப் பச்சைத் துண்டை அம்மாதான் செருகினார். அதன் பிறகு அவர் எழுந்து போகவில்லை.

அடுத்த வாரம் அப்பா ஒரு வேலை செய்தார். இந்த அட்டைகள் வட அமெரிக்கக்காரர்களுக்காக எழுதப்பட்டவை, நாம் நமக்கென்று எழுதிக்கொள்வோம் என்று சொல்லி, கெட்டி அட்டையை வெட்டித் தன் முத்து முத்தான கையெழுத்தில் கேள்வி எழுத ஆரம்பித்தார். முதல் கேள்வி: பின்கோடு 6இல் ஆரம்பித்தால் எந்த மாநிலம்? நான் கம்பீரமாகத் தமிழ்நாடு என்றேன். "கேரளாவை யாருக்கு எழுதிக் கொடுத்தே?" என்றார். அடுத்தது: 9இல் ஆரம்பித்தால்? எங்களில் யாருக்கும் தெரியவில்லை. ராணுவத் தபாலாம். பின்கோடு 1972இல் வந்தபோது ஜனங்கள் அதைப் போடாமலே கடிதம் எழுதி அவர்கள் பட்ட அவஸ்தையைத் தனிக் கதையாகச் சொன்னார். மகளும் தன் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஆறு கேள்வி எழுதினாள். அதில் தாத்தா, அப்பா இருவருமே பூஜ்யம்.

இப்படி எழுதிப் பார்த்ததும் எனக்கு ஒன்று புரிந்தது. எந்த அட்டையாக இருந்தாலும் அதை யாரோ ஒருவர் ஓர் ஊரில் இருந்துகொண்டு, ஒரு வருஷத்தில், யாரையோ மனதில் வைத்து எழுதியிருக்கிறார். அந்த ஆள் நாமாக இருந்தால் புத்திசாலி ஆகிறோம். இல்லாவிட்டால் மக்கு ஆகிறோம். 500 கேலன் என்று எழுதிய வரைபடமும் ஓர் அட்டைதான். அதை எந்த ஊரில், எந்த வருஷத்தில் எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அட்டையின் பதிலும் இன்றைய பதிலும்

இந்தப் பெட்டி 1980களில் அச்சானது. அதனால் ஒரு வேடிக்கை. கோள்கள் எத்தனை என்றால் அட்டையில் ஒன்பது. மகள் எட்டு என்கிறாள். 1930இல் கண்டுபிடித்த புளூட்டோவை 2006 ஆகஸ்டில் பிராக் நகரில் கூடிய வானியலாளர்கள் கோள் வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். உலகத்தில் மிகப் பெரிய நாடு என்றால் அட்டையில் சோவியத் யூனியன். அது 1991லேயே கலைந்துவிட்டது. உயரமான கட்டடம் என்றால் சிகாகோவின் சியர்ஸ் டவர், 442 மீட்டர். இன்று துபாயின் புர்ஜ் கலீஃபா, 828 மீட்டர்.

முதலில் இதற்காகச் சண்டை போட்டோம். பிறகு ஒரு விதி வைத்தோம்: அட்டையின் பதில், இன்றைய பதில், இரண்டையும் சொன்னால்தான் துண்டு. இப்போது அப்பாவும் பேத்தியும் சரியான ஜோடி. பழைய பதில் தாத்தாவிடம், புதிய பதில் பேத்தியிடம். ஒருவர் இல்லாமல் மற்றவருக்குத் துண்டு கிடையாது.

அட்டைகூடத் தப்பாக இருக்கலாம் என்பதற்கு ஒரு வழக்கே உண்டு. பிரெட் வொர்த் என்பவர் துணுக்குத் தகவல்களைத் தொகுத்துக் கலைக்களஞ்சியம் போட்டவர். தன் புத்தகத்தை யாராவது காப்பி அடித்தால் பிடிப்பதற்காக அதில் ஒரு பொய்யை ஒளித்து வைத்தார். கொலம்போ என்ற பிரபலமான தொலைக்காட்சித் துப்பறிவாளரின் முதல் பெயர் பிலிப் என்பதுதான் அந்தப் பொய். அதே பிலிப் இந்த விளையாட்டின் ஒரு கேள்வியில் வந்துவிட்டார்! 1984இல் வொர்த் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். விளையாட்டை உருவாக்கியவர்கள் அந்தப் புத்தகத்தையும் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அது பல புத்தகங்களில் ஒன்று என்றார்கள். தகவலுக்குக் காப்புரிமை கிடையாது என்று நீதிமன்றம் வொர்த்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 1987இல் மேல்முறையீட்டிலும் அவர் தோற்றார். வழக்கில் ஜெயித்தாலும் தப்புத் தப்புதான். ஒரே ஒரு புத்தகத்தை நம்பி எழுதினால் அதில் உள்ள பொய்யும் சேர்ந்தே வரும். மாணவர்களே, ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதும்போது இந்த பிலிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டமாக ஆட விரும்புகிறவர்களுக்கு

இப்போது எங்கள் வீட்டில் பொங்கல், புது வருஷம் என்றால் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி இதை ஆடுகிறோம். ஆடிப் பார்த்துக் கற்றுக்கொண்ட சில விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒரு காய்க்கு இரண்டு அல்லது மூன்று பேர் இருக்கட்டும். பெரியவர் ஒருவர், சின்னவர் ஒருவர் கட்டாயம். கணவனும் மனைவியும் ஒரே காயில் வேண்டாம். வீட்டில் இருக்கிற சண்டை போதும். மூன்று பேருக்கு மேல் போனால் ஒருவர் சும்மா உட்கார்ந்துவிடுவார்.

கேள்வியைப் படிக்கிற வேலையைக் கூட்டத்திலேயே கூச்சப்படுகிறவருக்குக் கொடுங்கள். அட்டையைக் கையில் வைத்திருப்பவரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நாலு கேள்வி படிப்பதற்குள் கூச்சம் போய்விடும்.

ஜோடியில் இருவரும் பேசி முடிக்கும் வரை பதில் சொல்லக் கூடாது. அவசரப்படுகிற ஆள், அதாவது என்னை மாதிரி ஆள், கடைசியில்தான் பேச வேண்டும். இதில் ஒரு சின்னக் கணக்கும் இருக்கிறது. ஒருவருக்குப் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தெரிந்ததோடு தொடர்பில்லாமல் அதேபோல் பாதி தெரிந்த இன்னொருவரும் சேர்ந்தால், இருவரில் ஒருவருக்காவது பதில் தெரிந்திருக்க நான்கில் மூன்று வாய்ப்பு. மூன்று பேர் சேர்ந்தால் எட்டில் ஏழு. வாய் திறந்து கேட்டால்தான் இந்தக் கணக்குப் பலிக்கும். முதல் ஆள் முந்திக்கொண்டால் பழையபடி பாதிதான்.

செல்போன்கள் எல்லாம் ஒரு கூடையில். பதில் சொல்லி, அட்டையையும் பார்த்து, சந்தேகம் தீரவில்லை என்றால் மட்டும் ஒருவர் எடுத்துப் பார்க்கலாம்.

கடைசியாக, வருகிறவர்கள் ஆளுக்கு ஆறு கேள்வி எழுதிக்கொண்டு வரட்டும். தனக்குத் தெரிந்த ஊர், தனக்குத் தெரிந்த தொழில். போன வருஷம் பொங்கலுக்கு யாழ்ப்பாணத்து நண்பர் பனைமரத்தைப் பற்றி மட்டும் ஆறு கேள்வி கொண்டு வந்தார். ஒன்றுக்கும் பதில் தெரியாமல் இரண்டு மணி நேரம் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தோம். அந்த இரவு யார் ஜெயித்தார்கள் என்று இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை.

மாணவர்கள் கேட்கலாம்: "சார், எல்லாம்தான் போனில் கிடைக்குதே, இதெல்லாம் எதுக்கு?" நியாயமான கேள்வி. புளூட்டோவைப் பற்றிப் போன் சொல்லும். பம்பு நிலையத்தில் எந்த கேலன் என்பது அந்த ஆபரேட்டருக்குத்தான் தெரியும். என் அம்மா சந்தையில் பார்த்தது அம்மாவிடம்தான் இருக்கிறது. நாளைக்கு நீங்கள் வேலைக்குப் போகிற இடத்தில் ஃபிட்டர் இருப்பார், வெல்டர் இருப்பார், வாட்ச்மேன் இருப்பார். உங்களைவிடப் பத்துப் பதினைந்து வருஷம் அந்த இடத்தைப் பார்த்தவர்கள். நீங்கள் டிகிரியோடு வேகமாகப் பதில் சொன்னால் அவர்கள் மரியாதையாக வாயை மூடிக்கொள்வார்கள். நஷ்டம் உங்களுக்கு. என் அனுபவத்தில் அதன் விலை ஒரு மோட்டார், ஓர் இம்பெல்லர், ஆறு வாரம்.

முடிப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரிக்கென்று ஒரு கேள்விப் பெட்டி செய்வோம். ஒவ்வொரு செட்டும் ஆறு அட்டை எழுதிக் கொடுங்கள். ஹாஸ்டல் கிணறு எந்த வருஷம் மூடப்பட்டது, மெஸ்ஸில் பரோட்டா எந்தக் கிழமை, லேத் ஷெட்டில் மூன்றாம் நம்பர் லேத்துக்கு என்ன பட்டப் பெயர், ராத்திரி பத்தரைக்கு மேல் கேட் திறக்க வாட்ச்மேன் அண்ணனிடம் என்ன சொல்ல வேண்டும். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, எந்தப் போனிலும் இல்லை. ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள், மெஸ் மாஸ்டர்கள் எல்லோரும் எழுத வேண்டும். அவர்களுக்குத் தெரிந்த கல்லூரி வேறு, நமக்குத் தெரிந்தது வேறு. அடுத்த கூடலில் பழைய மாணவர் ஒருவர், இன்றைய மாணவர் ஒருவர் என்று ஜோடி போட்டு இதே அரங்கில் ஆடுவோம். முதல் ஆறு அட்டை என்னுடையது. இறங்கும்போது செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

என் நண்பனையும் என்னையும் அன்றைக்கு ஒரே காயில் போடுங்கள். இந்தத் தடவை தரங்கம்பாடி வந்தால் அவனே சொல்லட்டும்.